கண்ணாடி முகமும் படத்து முகமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடலூரில் கல்யாணப் படம் எடுக்கிறவன் நான். சில்வர் பீச்சில் எடுத்த படங்களை ஆல்பத்துக்குப் பொறுக்க உட்கார்ந்தாலே தகராறுதான். "மூக்கு கோணலா இருக்கு" என்று பெண் தள்ளும் படத்தைத்தான் மாப்பிள்ளை முதலில் எடுத்து வைப்பார். திட்டு கேமராவுக்கு!

நம் முகத்தை நாம் பார்த்துப் பழகியது கண்ணாடியில், இடம் வலம் மாறி. கட்டிக்கொள்பவர் பார்ப்பது அப்படி மாறாத முகத்தை; கேமரா எடுப்பதும் அதையேதான். 1977இல் அமெரிக்காவில் மிட்டா, டெர்மர், நைட் என்ற மூவர் இதைச் சோதித்தார்கள். தன் முகம் என்றால் கண்ணாடிப் பிம்பத்தையே பெரும்பாலோர் விரும்பினர். அவர்களுடைய நண்பர்களும் காதலர்களும் நேர்ப் படத்தை விரும்பினர்.

அதனால் இப்போதெல்லாம் பெண்ணின் படத்தை மாப்பிள்ளையும், மாப்பிள்ளை படத்தைப் பெண்ணும் பொறுக்கச் சொல்கிறேன். மாமியார்கள் பொறுக்குவது தனி வழக்கு.

இப்படிக்கு,
ஒரு புகைப்படக்காரர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.