நாயின் ஊளை ஜோடனையா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த பழைய கொலைமர்மக் கதைகள் பற்றிய கட்டுரையை முழுக்கப் படித்தேன். நீங்கள் படித்தீர்களா என்று கேட்க மாட்டேன். ஆசிரியர் பார்க்காமல் அச்சுக்குப் போகுமா என்ன?

கட்டுரையாளர் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். 'பாழடைந்த மாளிகை, புயல், நள்ளிரவு அழுகை, ஊளையிடும் நாய் எல்லாம் வெறும் ஜோடனை; அவற்றை எடுத்துவிட்டாலும் புதிர் அப்படியே இருக்கும்' என்று. அன்றிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர் ஊகிக்க வேண்டியதே இல்லை. உங்கள் இதழ்தான் அதை ஏற்கெனவே செய்து காட்டிவிட்டதே!

கானன் டாயிலின் பாஸ்கர்வில் நாய்க் கதையை நீங்கள் தொடராகப் போட்டது நினைவிருக்கும். பக்கம் போதவில்லை என்று கதை நடக்கும் டார்ட்மூர் என்ற வெட்டவெளியை வெட்டினீர்கள். மட்டக்குதிரையை விழுங்கும் சேற்றுநிலம் போயிற்று. இரவில் வீட்டுக்குள் கேட்கும் பெண்ணின் அழுகை போயிற்று. ஜன்னலோரம் மெழுகுவர்த்தியோடு நிற்கும் வேலைக்காரன், குன்றின் மேல் நிலா வெளிச்சத்தில் தெரியும் ஆள், யாரும் மிஞ்சவில்லை. அப்புறம் என்ன மிச்சம்? லண்டன் ஓட்டலில் காணாமல் போகும் பூட்ஸ். முதலில் போடாத புது பூட்ஸ் ஒன்று தொலைகிறது, பிறகு அது திரும்பக் கிடைக்கிறது, அதற்குள் பழைய பூட்ஸ் ஒன்று காணவில்லை. மூலக்கதையில் இதைப் படிக்கிறவன் ஒரு நொடி நெற்றியைச் சுருக்கிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுவான். ஏனென்றால் அவன் தலைக்குள் அந்நேரம் நாய் உருவில் வரும் ஒரு குடும்பச் சாபம் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் தொடரிலோ பூட்ஸ் மட்டும் நடுக்கூடத்தில் தனியாக நின்றது. என் அக்கா, துப்பறியும் கதையே படிக்காதவள், அந்த வாரமே விஷயத்தைப் பிடித்துவிட்டாள். ஆளையும் சீக்கிரமே சொல்லிவிட்டாள். சந்தேகப்படுவதற்கு வேறு யாரையும் நீங்கள் விட்டுவைக்கவில்லையே!

இதைத்தான் கட்டுரையாளருக்குப் புரிய வைக்க வேண்டும். பீதி என்பது புதிரின் மேல் போட்ட அலங்காரம் இல்லை. துப்பை நம் கண்ணெதிரே வைத்துவிட்டு நம்மை வேறு பக்கம் பார்க்க வைக்கிற வேலையை அதுதான் செய்கிறது. பயந்தவன் நிதானமாக யோசிக்க மாட்டான். அவன் யோசிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் எழுத்தாளருக்கும் வேண்டியது. டாயில் இன்னொரு தந்திரமும் செய்தார். நடுவில் பல அத்தியாயங்களுக்கு துப்பறிகிற ஹோம்ஸைக் காணவே காணோம். தைரியம் சொல்ல ஆளில்லாமல் அவர் நண்பர் வாட்சனோடு நாமும் அந்த வெட்டவெளியில் மாட்டிக்கொள்கிறோம். ஸ்ட்ராண்ட் மாத இதழில் 1901 ஆகஸ்டிலிருந்து 1902 ஏப்ரல் வரை இந்தக் கதை வந்தது. அன்றைய வாசகர்கள் மாதக்கணக்கில் அந்தச் சேற்றோரம் நின்றார்கள். அவர்களிடம் போய் ஜோடனை என்று சொல்லியிருக்க முடியுமா?

துப்பறியும் கதையின் வம்சாவளியையாவது கட்டுரையாளர் பார்த்திருக்கலாம். துப்பறிவாளன் என்ற ஆளே கதைக்குள் வருவதற்கு முன்பு, 1794ல், ஆன் ராட்கிளிஃப் என்ற ஆங்கில நாவலாசிரியை 'உடால்ஃபோவின் மர்மங்கள்' எழுதினார். கோட்டை, விசித்திர ஓசைகள், ஒரு கறுப்புத் திரை. திரைக்குப் பின்னால் கதாநாயகி எதையோ பார்த்து மயங்கி விழுகிறாள். அது என்ன என்பதைக் கடைசிவரை இழுத்துவிட்டு, பேயில்லாத விளக்கம் ஒன்றைக் கையில் கொடுக்கிறார். முதலில் நடுங்க வை, பிறகு அறிவுக்குப் பொருந்தக் காரணம் சொல். துப்பறியும் கதை பிற்பாடு செய்ததும் இதைத்தானே? (திரைக்குப் பின்னால் இருந்தது என்ன என்று நான் சொல்ல மாட்டேன். 200 வருஷம் தாண்டிய கதைதான், இருந்தாலும் சொல்ல மாட்டேன். சிலருக்கு அந்த நாகரிகம் இருக்கிறது.) 1841ல் பாரிஸ் தெரு வீட்டில் இரட்டைக் கொலையை வைத்து முதல் துப்பறியும் கதை என்று பலரும் சொல்கிற கதையை எழுதிய எட்கர் ஆலன் போ, 1839ல் ஒரு திகில் கதையில் அஷர் குடும்பத்து மாளிகையை இடித்துத் தள்ளிய அதே ஆள். ஒரே கை, ஒரே மை.

பாதிரியார் ரொனால்ட் நாக்ஸ் 1929ல் துப்பறியும் கதைகளுக்குப் போட்ட பத்துக் கட்டளைகளையும் கட்டுரையாளர் சாட்சிக்கு இழுத்திருக்கிறார். அமானுஷ்யம் கூடாது என்று நாக்ஸ் சொன்னது உண்மைதான். அந்தப் பாதிரியார் தடுத்தது பேயே கொலை செய்தது என்று முடிவில் கைவிரிப்பதை. பேயாக இருக்குமோ என்று நாம் பயப்படுவதை அவர் எங்கே தடுத்தார்? அடுத்த கட்டளையிலேயே ரகசிய அறையோ சுரங்க வழியோ ஒன்று வரை வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதி கொடுக்கிறாரே, அது எந்த வீட்டுச் சொத்து? 1930ல் துப்பறியும் கதை எழுத்தாளர்கள் லண்டனில் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப் இன்னும் வேடிக்கை. செஸ்டர்டன் முதல் தலைவர். டொரோதி சேயர்ஸ், அகதா கிறிஸ்டி உறுப்பினர்கள். புதிதாகச் சேருகிறவர் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், எரிக் என்று பெயர் வைத்த ஒரு மண்டை ஓட்டின் மேல் கைவைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். அந்தச் சத்தியத்தில்கூடப் பேய்களை அளவோடு பயன்படுத்துவேன் என்றுதான் இருக்கிறது, அறவே விடுகிறேன் என்று இல்லை. சுத்தக் கணக்குப் புதிர்க்காரர்கள் என்று கட்டுரையாளர் கொண்டாடுகிறவர்களின் லட்சணம் இது!

சரி, இருண்ட மாளிகை இருந்தால்தான் திகில் என்று நான் சொல்வதாக அவர் நினைத்துக்கொள்ள வேண்டாம். தீவில் பத்துப் பேர் மாட்டிக்கொள்ளும் 1939 நாவலில் கிறிஸ்டி அந்த வீட்டையே புத்தம் புதிதாகக் கட்டிவிட்டார். பளிச்சென்ற மின்விளக்கு, ஒளிய ஒரு மூலை கிடையாது. பழைய வீடாக இருந்து மரம் கிறீச்சிட்டால் பயப்படலாம், இங்கே எதுவுமே மறைந்திருக்கவில்லை, அதுதான் எல்லாவற்றையும்விடப் பயங்கரம் என்று அவரே எழுதுகிறார். சாப்பாட்டு மேஜையில் பொம்மைகள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. அவ்வளவுதான், நமக்கு உள்ளங்கை வியர்க்கிறது. கொலையாளி யார் என்று தெரிந்த பிறகும் நான் அதைத் திரும்பப் படித்திருக்கிறேன், அப்போதும் அதே வியர்வை. வெறும் புதிராக இருந்தால் விடை தெரிந்ததும் புத்தகத்தை எடைக்குப் போட்டிருக்க மாட்டேனா?

இங்கேதான் உங்கள்மேல் எனக்கு உண்மையான வருத்தம். இந்த நாவலின் கொலையாளி பெயரைக் கட்டுரையின் மூன்றாவது பத்தியிலேயே போட்டு உடைத்துவிட்டீர்கள். அக்கா மகன் அன்றுதான் பாதிப் புத்தகத்தில் இருந்தான். வீட்டுக்கு வந்த இதழை எடுத்துப் புரட்டினான். புத்தகத்தை மூடி வைத்துவிட்டான், இன்றுவரை திறக்கவில்லை. 1952ல் லண்டனில் தொடங்கிய கிறிஸ்டியின் எலிப்பொறி நாடகத்தில், நாடகம் முடிந்ததும் ஒரு நடிகர் முன்னால் வந்து முடிவை வெளியே சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்வது வழக்கம். தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் அந்த மரியாதையைக் காத்துவருகிறார்கள். உங்கள் இதழால் அரைப் பக்கம்கூடத் தாங்க முடியவில்லை.

இது புதிதும் இல்லை. முன்பு ஒரு மர்மத்தொடரின் முதல் வாரத்திலேயே, குறுவாளோடு நிற்பவரின் முகத்தை ஓவியர் அச்சு அசலாக வரைந்துவிட்டார். குறுக்கெழுத்தின் விடை எதிர்ப்பக்கத்தில். நான் இதையெல்லாம் விவரமாக எழுதி அனுப்பிய கடிதத்தில், உங்கள் தீபாவளி மலரைப் பாராட்டிய இரண்டு வரி மட்டும் அச்சானது. அதற்கும் நன்றி.

என் கோரிக்கை பெரிதாக ஒன்றும் இல்லை. கொலையாளியின் பெயர் வரும் பத்திக்கு மேலே, கதையைப் படிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போகவும் என்று ஒரு வரி போடுங்கள். தொடரை வெட்டினால், சுருக்கியது என்று தலைப்புக்குக் கீழே சிறிய எழுத்தில் போடுங்கள். இந்தக் கடிதத்தையும் சுருக்குவதாக இருந்தால் தயவுசெய்து வெளியிடவே வேண்டாம்.

இப்படிக்கு,
ஒரு பழைய சந்தாதாரர்