ஆயில் வடிக்கப் போகிறவரைத் தனியே அனுப்பாதீர்கள்: ஆலை நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நிர்வாகத்தினருக்கு,

வணக்கம். நம் ஆலையின் பிளாண்ட் ரூமில், அதாவது குளிரூட்டும் இயந்திரங்கள் இருக்கும் அறையில், அன்றிரவு ஆயில் வடிக்கும்போது அம்மோனியா பீறிட்டு ஆபரேட்டர் தம்பி ஒருவன் கண்ணில் காயம்பட்டது உங்களுக்குத் தெரியும்; விசாரணையையும் நடத்தி முடித்துவிட்டீர்கள். "ஆபரேட்டரின் கவனக்குறைவால் ஏற்பட்ட கசிவு" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும் முடிவைப் படித்த பிறகே இம்மடலை எழுதுகிறேன். இதை உள்ளுக்குள் ஒரு மனுவாகக் கொடுக்காமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. தூத்துக்குடி வட்டாரத்தில் இறாலும் கணவாயும் உறைய வைக்கும் வேறு ஆலைகளிலும் இந்த வேலை இதே முறையில்தான் நடக்கிறது என்று அங்கே ஷிப்ட் பார்க்கும் நண்பர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

என் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஃப்ரீசர்களைக் குளிர்விக்கும் அம்மோனியா ஓடும் லைனில், ஆயிலை வடிக்கும் (டிரெயின் செய்யும்) ஒவ்வொரு இடத்திலும், கையை எடுத்தால் தானே மூடிக்கொள்ளும் ஸ்பிரிங் வால்வு ஒன்றைப் பொருத்துங்கள். அந்த வேலைக்கு எவரையும் தனியே அனுப்பாதீர்கள்.

அம்மோனியாவை அழுத்தும் கம்ப்ரசரிலிருந்து, ஆயிலைப் பிரித்தெடுக்கும் செப்பரேட்டரையும் தாண்டிக் கொஞ்சம் மசகு ஆயில் அம்மோனியாவோடு போய்க்கொண்டேதான் இருக்கும் என்பதும், அது அம்மோனியாவில் கரையாமல், திரவ அம்மோனியாவைவிடக் கனமாக இருப்பதால் அழுத்தம் குறைந்த (லோ பிரஷர்) பக்கத்துப் பாத்திரங்களின் அடியில் தங்கிவிடும் என்பதும் நீங்கள் அறியாதவை அல்ல. வடிக்காமல் விட்டால் ஆயில் குழாய்களின் உட்புறத்தில் படிந்து, பிளேட் ஃப்ரீசர் குளிரை இழுக்க மறுக்கும். ஒரு லோடு உறைய ஆகும் நேரம் நீளும். உற்பத்திப் பிரிவிலிருந்து பிளாண்ட் ரூமுக்குப் போன் மேல் போன் வரும். அன்றிரவும் அப்படித்தான் வந்தது. அடுத்த லோடு ஏறுவதற்குள் ஆயிலை எடுத்துவிடு என்று சொன்னபோது, அங்கே பணியில் இருந்தது அந்தத் தம்பி ஒருவன் மட்டும்தான்.

முறைப்படி செய்வதென்றால் ஆயில் பாட்டை, அதாவது ஆயில் சேரும் பாத்திரத்தை, மற்ற லைனிலிருந்து பிரித்து, அதிலிருக்கும் அம்மோனியாவைக் கம்ப்ரசர் உறிஞ்சும் சக்ஷன் பக்கம் இழுக்கவிட்டு, பாட் வெதுவெதுப்பாகும்வரை காத்திருந்து, பிறகுதான் வடிக்க வேண்டும். ஃப்ரீசர் மைனஸ் 40 டிகிரியில் ஓடும்போது உள்ளே இருக்கும் அழுத்தம் வெளிக்காற்றின் அழுத்தத்தைவிடக் குறைவு என்பதால், அவசரப்பட்டுத் திறந்தால் ஆயில் வெளியே வருவதற்குப் பதில் காற்றுதான் உள்ளே போகும். ஆயிலும் அந்தக் குளிரில் கருப்பட்டிப் பாகு போல இறுகிக் கிடக்கும். இதற்கெல்லாம் நேரம் வேண்டும். அந்த நேரத்தைத்தான் எங்களுக்கு யாரும் தருவதில்லை. அதனால் பாட்டின் மேல் வெந்நீரை ஊற்றுவதும், வால்வை வழக்கத்துக்கு மேல் திறந்து வைத்துக்கொண்டு காத்திருப்பதும் இங்கே வழக்கமாகிவிட்டன. உள்ளே திரவ அம்மோனியா அடைபட்டிருக்கும்போது எல்லா வால்வையும் மூடிவிட்டு வெந்நீர் ஊற்றுவது எத்தனை ஆபத்து என்று எவரும் எங்களுக்கு வகுப்பெடுத்ததில்லை.

அன்றிரவு அந்தத் தம்பி வால்வைத் திறந்தான், எதுவும் வரவில்லை. இன்னும் இரண்டு சுற்றுத் திறந்தான். அடைத்திருந்த ஆயில் திடீரென்று நழுவியது. பெயின்ட் வாளிக்குள் கறுப்பாகக் கொஞ்சம் கொட்டி நுரைத்தது. அதற்குப் பின்னாலேயே திரவ அம்மோனியா பீறிட்டது. சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 33 டிகிரியிலேயே கொதிக்கும் திரவம் அது. அறை முழுவதும் வெண்புகை எழுந்தது. கையால் சுற்றி மூடும் வால்வு அது. கைப்பிடிச் சக்கரம் என்றோ உடைந்துபோய், ஸ்பேனர் போட்டுத் திருப்பிக்கொண்டிருந்தோம். கண்ணைத் திறக்க முடியாமல், மூச்சை இழுக்க முடியாமல், கையிலிருந்து விழுந்த ஸ்பேனரைத் தரையில் தடவித் தேடியவனிடம் எந்தக் கவனத்தை எதிர்பார்த்தீர்கள்? அங்கே ஸ்பிரிங் வால்வு இருந்திருந்தால் அவன் கையை எடுத்த நொடியில் எல்லாம் நின்றிருக்கும். பக்கத்தில் மாஸ்க்கோடு இன்னொருவர் நின்றிருந்தால் பின்பக்கத்து வால்வை மூடிவிட்டு அவனை வெளியே இழுத்திருப்பார். கேஸ் மாஸ்க் இருந்தது உண்மை. பூட்டிய அலுவலக அறையின் அலமாரிக்குள் இருந்தது.

மருத்துவமனையில் கேட்ட முதல் கேள்வி, கண்ணை எத்தனை நேரம் கழுவினீர்கள் என்பதுதான். அம்மோனியா பட்ட கண்ணை உடனே, குறைந்தது 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். அம்மோனியா காரப்பொருள் (ஆல்கலி) என்பதால் அது மேலோடு நிற்காமல் உள்ளே இறங்கிக்கொண்டே இருக்கும். நம் பிளாண்ட் ரூமில் கண் கழுவும் குழாய் கிடையாது. இறால் கழுவும் இடத்துக்கு அவனைத் தூக்கிக்கொண்டு ஓடிய பெண்கள்தான், தங்களுக்கும் இருமல் அடங்காத நிலையில், பக்கெட் பக்கெட்டாகத் தண்ணீர் ஊற்றினார்கள். வலது கண்ணில் இன்னும் பார்வை தெளியவில்லை. இத்தனைக்கும் பிறகு பழி அவன் மேல் வந்திருக்கிறது.

நான் கேட்பது புதிதாக எவரும் கண்டுபிடிக்க வேண்டியதல்ல. அம்மோனியா ஆலைகளில் நடந்த விபத்துகளைப் பார்த்து அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2001-ஆம் ஆண்டு வெளியிட்ட எச்சரிக்கையிலேயே, ஆயில் வடிக்கும் வால்வோடு சேர்த்து ஸ்பிரிங் வால்வு ஒன்றும் இருக்க வேண்டும் என்பதும், பாட்டைப் பிரிக்காமல் ஆயில் எடுக்கக் கூடாது என்பதும் சொல்லப்பட்டிருக்கின்றன. கால் நூற்றாண்டாக உலகமறிந்த ஒரு வால்வு நம் ஆலைக்கு இன்னும் வந்து சேரவில்லை.

உறைந்த இறாலின் நடுப்பகுதி மைனஸ் 18 டிகிரியைத் தொட்டதா என்று மணிக்கொரு முறை பார்த்து எழுதுகிறோம். வெளிநாட்டு வாடிக்கையாளரின் ஆள் வருகிறார் என்றால் சுவரெல்லாம் வெள்ளையடிக்கிறோம். காற்றில் அம்மோனியா பத்து லட்சத்தில் 300 பங்கு இருந்தாலே உயிருக்கு ஆபத்து என்று வகுத்திருக்க, அதை அளந்து சொல்ல வேண்டிய டிடெக்டரின் விளக்கு எப்போது அணைந்தது என்று கேட்கத்தான் யாரும் இல்லை. பதப்படுத்தும் கூடத்தின் பின்கதவு, சரக்கு களவு போகிறது என்பதற்காகப் பூட்டிக் கிடக்கிறது. அங்கே முழங்கால்வரை பூட்ஸும் ஏப்ரனுமாக நின்று வேலை செய்யும் பெண்களில் வெளிமாநிலத்தவரும் உண்டு, அவர்களுக்குச் சுவரில் எழுதியிருக்கும் தமிழ் அறிவிப்பைப் படிக்கத் தெரியாது. 2024 ஜூலையில் தூத்துக்குடி அருகே ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் அம்மோனியா கசிந்து பெண்கள் மயங்கி விழுந்து மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட செய்தி வந்தபோது, நம் ஆலையிலும் ஒரு கூட்டம் போட்டு, எல்லாம் சரிசெய்யப்படும் என்று சொன்னீர்கள். போபால் விஷவாயு விபத்துக்குப் பிறகு 1987-இல் தொழிற்சாலைகள் சட்டத்தைத் திருத்தியபோது, உடனடி ஆபத்து இருப்பதாகத் தொழிலாளி கருதினால் அதை நிர்வாகத்துக்கு எடுத்துச் சொல்லும் உரிமையை 41எச் பிரிவாகச் சேர்த்தார்கள். ஸ்பேனரால் திருப்பும் அந்த வால்வைப் பற்றி நாங்கள் லாக் புத்தகத்தில் பலமுறை எழுதிச் சொன்னோம். அந்தப் பக்கங்களில் உங்கள் கையெழுத்தும் இருக்கிறது.

என் கோபம் எல்லை மீறியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். டிடெக்டரையும் பின்கதவையும் பற்றித் தனியே பேச நேரம் தந்தால் நன்றியோடு வருவேன். இன்று கேட்பது அந்த வால்வையும் இரண்டாவது ஆளையும்தான். ஆபத்து நேர்ந்த இடத்தில் நின்றவன் மேல் எழுதப்பட்ட குற்றத்தையும் திரும்பப் பெற்று, அவனுடைய சிகிச்சைச் செலவையும் சம்பளத்தையும் நிர்வாகமே ஏற்க வேண்டும் என்று தாழ்மையோடு கேட்டுக்கொள்கிறேன்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். அப்போது நம் ஃப்ரீசர்களில் பாதி ஓடாது. லைனிலிருக்கும் அம்மோனியாவை இழுத்து ஒதுக்கி (பம்ப் டவுன் செய்து), வெல்டர்களை வைத்து, எல்லா ஆயில் டிரெயினிலும் ஸ்பிரிங் வால்வு பொருத்த அந்த அவகாசம் போதும். எந்தெந்த இடத்தில் எந்த அளவு வேண்டும் என்ற பட்டியலை நாங்களே எழுதித் தருகிறோம். அதுவரை, இரவு ஷிப்டில் ஆயில் எடுக்கச் சொல்லாதீர்கள். பகலில் எடுக்கும்போதும் மாஸ்க் அணிந்த இன்னொருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று இந்த வாரமே எழுத்தில் உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
பிளாண்ட் ரூம் ஆபரேட்டர்களில் ஒருவன்