கவுண்டருக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு

தமிழ்நாட்டு வங்கிக் கிளைகளில் மேலாளராக, அதிகாரியாக, காசாளராக, கிளார்க்காக வேலை பார்க்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

என் அம்மாவுக்கு 71 வயது. அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பா போன பிறகு எங்கள் ஊர் வீட்டில் தனியாக இருக்கிறார். நானும் தம்பியும் வெளியூரில். போன வருஷம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, உங்களைப் போன்ற ஒருவரின் கவுண்டர் முன்னால் அம்மா போய் நின்றார். முதிர்வுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்த வைப்பு நிதியை உடைக்கச் சொன்னார். வந்த பணத்தை, பெரிய தொகையை உடனே மாற்றும் ஆர்டிஜிஎஸ் முறையில், வடநாட்டில் உள்ள ஒரு கணக்குக்கு அனுப்பினார். மறுநாளும் போனார், மிச்சம் இருந்ததையும் அனுப்பினார். மொத்தம் 14 லட்சம். அப்பாவின் பணிக்கொடை, அம்மாவின் சேமிப்பு எல்லாம் அதில்தான் இருந்தது.

அவர் தோளில் மாட்டியிருந்த கைப்பைக்குள் அந்த நேரம் முழுவதும் ஒரு வீடியோ அழைப்பு ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கிளையில் நடந்த ஒவ்வொரு பேச்சையும் எங்கோ இருந்து ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான். இந்த ஒரு விஷயத்தைச் சொல்லத்தான் இந்த மடலை எழுதத் தொடங்கினேன். மற்றதெல்லாம் இதை ஒட்டி வருவதுதான்.

முதல் அழைப்பு ஞாயிறு மாலை வந்தது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் அலுவலகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் ஆதாரை வைத்து மும்பையில் ஒரு சிம் வாங்கியிருக்கிறார்கள், இரண்டு மணி நேரத்தில் உங்கள் எண் துண்டிக்கப்படும் என்றது ஒரு குரல். அம்மா மறுத்ததும் ‘மும்பை சைபர் கிரைம்’ இணைப்புக்கு மாற்றினார்கள். திரையில் காக்கிச் சட்டை போட்ட ஒருவர், பின்னால் ஒரு சின்னம், அலறும் வாக்கிடாக்கி. பண மோசடி வழக்கில் உங்கள் பெயர் இருக்கிறது, நீங்கள் ‘டிஜிட்டல் அரெஸ்ட்’டில் இருக்கிறீர்கள், கேமராவை விட்டு நகரக் கூடாது, பிள்ளைகளிடம் சொன்னால் அவர்களும் உள்ளே போவார்கள் என்றார்கள். அம்மா போனை அரிசி டப்பாவின் மேல் சாய்த்து வைத்துவிட்டு அதன் முன்னாலேயே சமைத்திருக்கிறார், சாப்பிட்டிருக்கிறார். சாயங்காலம் விளக்கேற்றிக்கொள்ளலாமா சார் என்று அனுமதி கேட்டிருக்கிறார். முப்பத்து மூன்று வருஷம் வகுப்பில் நின்று பேசிய என் அம்மா, தன் வீட்டுப் பூஜை அறைக்குப் போக அனுமதி கேட்டிருக்கிறார். இதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

அவர் படிப்பில்லாதவர் இல்லை, அசடும் இல்லை. வர்த்தமான் குழுமத்தின் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால் 2024இல் இதே வலையில் 7 கோடி ரூபாய் இழந்தார். 82 வயதுத் தொழிலதிபர், ஆலோசனை சொல்ல எத்தனையோ வக்கீல்கள் இருந்திருப்பார்கள். அவருக்காகப் போலி உச்ச நீதிமன்ற விசாரணையையே காணொளியில் நடத்தினார்கள். அன்றைய தலைமை நீதிபதியின் பெயரிலேயே ஒருவன் உட்கார்ந்து உத்தரவு போட்டான். ஹரியானாவின் அம்பாலாவில் ஒரு முதிய தம்பதியிடம் இப்படிப் போலி நீதிமன்ற உத்தரவுகளைக் காட்டி ஒரு கோடிக்கு மேல் பறித்தார்கள். அந்தப் புகாரைப் பார்த்துத்தான் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. மத்திய அரசு நாடாளுமன்றத்தில் தந்த கணக்கின்படி 2022இல் டிஜிட்டல் அரெஸ்ட், அதை ஒட்டிய குற்றங்கள் சார்ந்த புகார்கள் 39,925, பறிபோனது சுமார் 91 கோடி. 2024இல் புகார்கள் 1,23,672, பறிபோனது 1,935 கோடிக்கு மேல். பயத்தை இப்படி அளந்து ஊட்டினால் யார் வேண்டுமானாலும் விழுவார்கள். விழுந்தவரைப் பார்த்து ‘இது கூடத் தெரியாதா’ என்று தயவுசெய்து யாரும் கேட்காதீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே பாதிப் பேர் வெளியில் சொல்வதில்லை.

நம் சட்டத்தில் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது. பிரதமரே 2024 அக்டோபரில் வானொலி உரையில் இதைச் சொன்னார். கைது செய்ய வேண்டுமானால் போலீஸ் நேரில் வர வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்த வேண்டும். கைது செய்ததை உறவினருக்கோ நண்பருக்கோ தெரிவிக்க வேண்டும் என்பதும் சட்டமே. இந்தக் கடைசி விதியை மட்டும் எல்லோரும் மனதில் வைத்திருந்தால் போதும் என்று எனக்குத் தோன்றுகிறது. நிஜப் போலீஸுக்கு வீட்டாரிடம் சொல்வது கடமை. வீட்டாரிடம் சொல்லாதே என்று மிரட்டுகிறவன் போலீஸ் இல்லை. விசாரணைக்கு அழைக்கும் நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

சரி, இதையெல்லாம் உங்களிடம் ஏன் சொல்கிறேன்? அந்த மூன்று நாளில் அம்மா முகத்தை நேருக்கு நேர் பார்த்த மனிதர் உங்களில் ஒருவர் மட்டும்தான். பால்காரர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். நான் போன் செய்தபோது ‘தலைவலி, அப்புறம் பேசறேன்’ என்று வைத்துவிட்டார், நானும் விட்டுவிட்டேன். அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு உண்டு. ஆனால் அவர் வங்கிக்கு நடந்து வந்தார், டோக்கன் எடுத்தார், அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அந்த மோசடிக்காரன் அவரை வீட்டைவிட்டு வெளியே அனுப்பியே ஆக வேண்டியிருந்த ஒரே இடம் உங்கள் கிளைதான்.

இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் யாருக்கும் தெரியாதது உங்கள் திரையில் தெரிகிறது. மாதம் பதினைந்தாயிரம் இருபதாயிரத்துக்கு மேல் எடுக்காத கணக்கு. வருஷக்கணக்காகத் தொடாத வைப்பு. அதை முதிர்வுக்கு முன்னால் உடைத்து, வட்டியையும் இழந்து, மொத்தமாக ஒரே நாளில் வேறு மாநிலத்தில் உள்ள ஏதோ ‘டிரேடர்ஸ்’, ‘எண்டர்பிரைசஸ்’ பெயருக்கு அனுப்புகிறார். இதற்கு முன் அந்தப் பெயருக்கு ஒரு ரூபாய்கூடப் போனதில்லை. ஒரு ஓய்வு பெற்ற டீச்சருக்கு அந்தக் கம்பெனியோடு என்ன கொடுக்கல் வாங்கல் இருக்க முடியும்? விசாரிக்கிற அரசு, பணத்தை ‘சரிபார்க்க’ ஒரு டிரேடர்ஸ் கணக்கிலா வாங்கும்? கணினி இதையெல்லாம் கேட்காது. நீங்கள் கேட்கலாம்.

அன்று கவுண்டரில் இருந்த இளைஞர் ஒரு கேள்வி கேட்டார். ‘எதுக்கும்மா இவ்வளவு பணம்?’ அம்மா ‘வீடு ரிப்பேர்’ என்றார். அவரும் சரி என்று படிவத்தை வாங்கிக்கொண்டார். அந்தப் பதிலை முதல் நாள் இரவே அம்மாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வீடு ரிப்பேர், பெண் கல்யாணம், நிலம் வாங்குகிறேன், இதில் ஏதாவது ஒன்றைச் சொல். வங்கிக்காரர்களும் இந்த வழக்கில் உடந்தை, அவர்களை நம்பாதே என்று பாடம் நடத்தியிருந்தார்கள். அதனால் ஒரு கேள்வியோடு நிறுத்தினால் பயன் இல்லை. இரண்டாவது கேள்வியில்தான் பொய் தடுமாறும். எந்தக் கொத்தனார், மாடியா கீழ்த்தளமா, பணத்தை ஏன் கொத்தனாருக்குக் கொடுக்காமல் இவ்வளவு தூரத்தில் இருக்கும் கம்பெனிக்கு அனுப்புகிறீர்கள் என்று சாதாரணமாகப் பேச்சுக் கொடுத்திருந்தால் அம்மாவால் பதில் சொல்லியிருக்க முடியாது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

இது நடக்காத காரியம் இல்லை. 2024 நவம்பரில் ஹைதராபாத்தில் ஸ்டேட் வங்கியின் ஒரு கிளையில், வைப்பு நிதியை உடைக்க வந்த முதியவர் சொன்ன காரணம் ஒட்டவில்லை என்று ஊழியர்களுக்குச் சந்தேகம் வந்தது. வீட்டாரை அழைத்து வாருங்கள் என்று சொல்லி இழுத்தடித்தார்கள். கடைசியில் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 உதவி எண்ணோடு பேச வைத்தார்கள். அவருடைய 13 லட்சம் தப்பித்தது. அங்கே புதுத் தொழில்நுட்பம் எதுவும் வேலை செய்யவில்லை. காரணம் ஒட்டவில்லை என்று ஒருவருக்குத் தோன்றியது, அவர் அதை விடவில்லை, அவ்வளவுதான்.

உங்கள் சங்கடமும் எனக்குப் புரியாமல் இல்லை. ஆள் பற்றாக்குறை, வரிசை, டார்கெட். கேள்வி கேட்டால் ‘என் பணத்தை எடுக்க உனக்கு ஏன் கணக்குச் சொல்லணும்’ என்று சத்தம் போடும் வாடிக்கையாளர், தாமதத்துக்கு மேலே போகும் புகார். அவரவர் பணம் அவரவர் உரிமை என்பதும் உண்மை. நான் கேட்பது பணத்தை மறுக்கச் சொல்லி அல்ல. பத்து நிமிஷம் தாமதப்படுத்தச் சொல்லித்தான்.

அந்தப் பத்து நிமிஷத்தில் முதலில் செய்ய வேண்டியது போன். வயதானவர் ஒருவர் பெரிய தொகையை இப்படி அனுப்ப வந்தால், மேலாளர் அறைக்கு அழைத்துப்போய் உட்கார வையுங்கள். தண்ணீர் கொடுங்கள். ‘போனை அணைத்து வெளியே வைத்துவிட்டு வாங்கம்மா, உள்ளே கொண்டுவரக் கூடாது’ என்று ஒரு விதி இருப்பதுபோலச் சொல்லுங்கள். அணைக்க அவர் பயந்தால், அப்போதே உங்களுக்குப் பாதி தெரிந்துவிடும். பேசுவதை எவனோ கேட்டுக்கொண்டிருக்கிறான் என்று பட்டால் வாயால் கேட்காதீர்கள், ஒரு துண்டுச் சீட்டில் தமிழில் எழுதி நீட்டுங்கள்: ‘உங்களை யாராவது போனில் மிரட்டுகிறார்களா? அது போலீஸ் இல்லை. தலையை மட்டும் ஆட்டுங்கள்.’ இந்தச் சீட்டை ஒவ்வொரு கவுண்டரிலும் அச்சடித்து வைத்திருந்தால் என்ன? சுவரில் ஒட்டிய எச்சரிக்கைப் போஸ்டர் அந்தக் கிளையிலும் இருந்தது. அம்மா அதன் கீழேதான் உட்கார்ந்திருந்தார். பயத்தில் இருப்பவர் கண்ணுக்குச் சுவர் தெரிவதில்லை. கையில் வந்த சீட்டு தெரியும்.

அப்புறம், வாடிக்கையாளர்கள் கணக்கு தொடங்கும்போதே ஒரு நம்பிக்கைக்குரியவரின் எண்ணை எழுதிக் கொடுக்கட்டும். நாமினி நாம் செத்த பிறகுதான் உங்கள் நினைவுக்கு வருகிறார். உயிரோடு இருக்கும்போது அழைக்க ஒருவர் வேண்டாமா? இத்தனை லட்சத்துக்கு மேல் போனால் இவருக்கு ஒரு போன் செய்யுங்கள் என்று அம்மாவே முன்கூட்டி எழுதித் தந்திருந்தால், அன்று நீங்கள் அவருடைய உரிமையில் தலையிட்டதாக ஆகாது, அவர் சொன்னதைச் செய்ததாகவே ஆகும். அம்மா இப்போது அப்படி ஒரு கடிதம் எழுதி என் எண்ணையும் தம்பி எண்ணையும் கொடுத்திருக்கிறார். கிளையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள், ஆனால் இதற்கென்று படிவம் எதுவும் இல்லை என்றார்கள். படிவம் வர வேண்டும். உங்கள் சங்கங்கள் இதைக் கேட்டு வாங்கித் தர முடியும்.

அம்மாவின் பணம் போன வழியையும் சொல்லிவிடுகிறேன். முதல் கணக்கில் அது சில நிமிஷம்கூட நிற்கவில்லை. பல கணக்குகளுக்குப் பிரிந்து, அங்கிருந்து மறுபடி பிரிந்து போய்விட்டது. மூன்றாம் நாள் இரவு பக்கத்து வீட்டு அக்கா சந்தேகப்பட்டு எனக்குச் சொன்ன பிறகுதான் 1930க்கு அழைத்தோம். ஒரு லட்சத்துச் சொச்சம் முடக்கப்பட்டது. முதல் நாளே அழைத்திருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். வாடிக்கையாளருக்குத் தெரியாமல் மூன்றாம் நபர் பணத்தை எடுத்து, அதை மூன்று வேலை நாளுக்குள் சொன்னால் பொறுப்பு வங்கியுடையது என்று ரிசர்வ் வங்கி 2017இல் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. அது எங்களுக்கு உதவவில்லை. கையெழுத்து அம்மாவுடையது. அதனால்தான் பணம் கிளம்புவதற்கு முந்தைய பத்து நிமிஷத்தை இவ்வளவு வற்புறுத்திக் கேட்கிறேன்.

பணம் பிரிந்து போன கணக்குகளும் ஏதோ ஒரு வங்கியின் ஏதோ ஒரு கிளையில் ஒருவர் திறந்து கொடுத்தவைதான். கமிஷனுக்கு ஆசைப்பட்டுப் பாஸ்புக்கையும் ஏடிஎம் அட்டையையும் சிம்மையும் சேர்த்து விற்றுவிடும் மாணவர்கள், கூலித் தொழிலாளிகள் நம் ஊர்களிலும் இருக்கிறார்கள். 2025 டிசம்பர் 1 அன்று இந்த வழக்குகளை நாடு முழுவதும் சிபிஐ விசாரிக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, இப்படிக் கணக்கு திறந்து கொடுத்ததில் வங்கிக்காரர்களின் பங்கையும் ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் விசாரிக்கலாம் என்று சொன்னது. உங்களில் பெரும்பாலோர் நேர்மையானவர்கள் என்று எனக்குத் தெரியும். பக்கத்து மேசையில் ஒரே வாரத்தில் ஒரே முகவரியில் நாலு நடப்புக் கணக்கு திறந்தால், அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்காதீர்கள்.

அந்த இளைஞரின் பெயரை நான் எங்கும் சொல்லவில்லை. அம்மா சொல்ல விடவில்லை. ‘அந்தப் பிள்ளை கேட்டான், நான்தான் பொய் சொன்னேன்’ என்கிறார். இப்போதும் பென்ஷன் எடுக்க அதே கிளைக்குத்தான் போகிறார். அவன் கவுண்டரில் இருந்தால் வேறு வரிசையில் போய் நிற்கிறார், தன்னைப் பார்த்தால் அவன் சங்கடப்படுவான் என்று.

வயதான யாராவது கைப்பையை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு உங்கள் முன் வந்து நின்றால், படிவத்தை வாங்கும் முன் ஒரு தடவை முகத்தைப் பாருங்கள். அப்புறம் இரண்டாவது கேள்வியைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் மகள்