மேசை மேல் ஒரு சின்னப் பெட்டி

ஏற்காடு
23-11-2025, ஞாயிறு

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. அம்மாவுக்கு இடுப்பு வலி தேவலை, சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள் என்ற வரியைப் படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. இங்கே நாலு நாளாக மழை விட்டு விட்டுப் பெய்கிறது. காபிப் பழம் சிவக்க ஆரம்பித்த நேரம். இந்த ஈரத்தில் பழம் வெடித்துக் கீழே கொட்டிவிடுமோ என்று தோட்டக்காரர்கள் எல்லோரும் வானத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மதியம் மூன்று மணிக்கே விளக்குப் போட வேண்டியிருக்கிறது.

முதலில் ஒரு விஷயம். லேப்டாப்பில் டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு நிற்கிறது என்று எழுதியிருந்தாயே, அது பேட்டரி உப்பியதால் வருவது. இனிமேல் அதைச் சார்ஜில் போடாதே. கையால் அழுத்தி உள்ளே தள்ளவும் பார்க்காதே. லித்தியம் பேட்டரி அழுந்திக் கிழிந்தால் தீப்பிடிக்கும். தெரிந்த சர்வீஸ்காரரிடம் கொடுத்து பேட்டரியைக் கழற்றிவிட்டு, உள்ளே இருக்கும் ஃபைல்களை எடுத்துக்கொள். மற்றதெல்லாம் அப்புறம்.

அடுத்து என்ன வாங்குவது என்று கேட்டிருந்தாய். மாப்பிள்ளை இன்னொரு லேப்டாப் என்கிறார், நீ கடையில் மூலையில் கிடக்கும் பழைய பெரிய சிபியுவைத் தூசி தட்டலாமா என்கிறாய். நான் இரண்டும் வேண்டாம் என்கிறேன். ஒன்றேகால் வருஷமாக என் வீட்டில் எல்லா வேலையும் ஒரு சின்னப் பெட்டியில்தான் நடக்கிறது. நீளம் அகலம் 18 சென்டிமீட்டர், தடிமன் மூன்றரை. தீபாவளிக்கு வருமே ஸ்வீட் பெட்டி, ஏறக்குறைய அந்த அளவு. எடை ஒன்றேகால் கிலோ. மானிட்டருக்குப் பின்னால் ஒரு தாங்கியில் திருகிவிட்டேன், மேசை மேல் இடமே பிடிக்கவில்லை.

இந்தப் பெட்டிக்கு நான் எப்படி வந்தேன் என்று சொல்லியாக வேண்டும். மூன்று தோட்டங்களுக்குக் கூலிப் பதிவேடு நான் எழுதுவது உனக்குத் தெரியும். ஒரு ஆளுக்கு ஒரு வரி, மாதத்துக்கு 31 கட்டம், அப்புறம் மொத்தம், முன்பணம், பாக்கி. லேப்டாப்பின் சின்னத் திரையில் பெயர் தெரிந்தால் மொத்தம் தெரியாது, மொத்தம் தெரிந்தால் பெயர் தெரியாது. பக்கவாட்டில் தள்ளித் தள்ளிப் பார்க்க வேண்டும். அப்படித் தள்ளும்போது போன வருஷம் ஜனவரியில் ஒரு வரி மாறிவிட்டது. பழம் பறிக்கும் அம்மா ஒருத்திக்கு இரண்டு நாள் கூலி குறைந்துபோயிற்று. அவர் வந்து எதுவும் கேட்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் வாசல்படியில் வந்து, தலையில் போட்ட கோணிச் சாக்கை எடுக்காமல் நின்றார். “என்னம்மா?” என்றேன். “இல்ல கண்ணு, ஒருக்கா பாத்துட்டா நல்லாருக்கும்” என்றார். பார்த்தேன். பக்கத்து வரிக்காரிக்கு அந்த இரண்டு நாளும் ஏறியிருந்தது. அன்றைக்கே கணக்கைச் சரிசெய்து பணம் கொடுத்தாகிவிட்டது. ஆனால் அவர் நின்ற நிலை என் கண்ணை விட்டுப் போகவில்லை. முழு மாதமும் ஒரே பார்வையில் தெரிகிற திரை வேண்டும் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். பெட்டியைப் பற்றி யோசித்தது அதற்கு அப்புறம்தான்.

நீயும் அந்த வரிசையில்தான் வாங்க வேண்டும். முதலில் 24 இஞ்ச் மானிட்டர், பிறகு நல்ல நாற்காலி, பிறகு கைக்குப் பழகிய கீபோர்டு, கடைசியில் பெட்டி. அம்மாப்பேட்டை டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் ஞாபகம் இருக்கிறதா? மெஷின் ஒரு இடத்தில் இருக்கும், நாம் போய் அதன் முன்னால் உட்கார வேண்டும். மணிக்கட்டு கீழே இறங்கினால் மாஸ்டர் ஸ்கேலால் மெதுவாகத் தட்டுவார். முதுகு நேராக, கண் காகிதத்தில். லோயர் பாஸ் பண்ணி ஹையருக்குப் போகும்வரை ஒரு நாள்கூட நமக்குக் கழுத்து வலித்ததில்லை. லேப்டாப் வந்த பிறகு சோபா, கட்டில், சமையல் மேடை என்று எல்லா இடத்திலும் குனிந்து உட்கார்ந்தோம். திரையும் கீபோர்டும் ஒட்டிப் பிறந்தவை, ஒன்றைக் கைக்கு வசதியாக வைத்தால் மற்றது கண்ணுக்குக் கீழே போய்விடும். இப்போது என் மானிட்டரின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்கு நிற்கிறது, கை மேசையோடு படிந்திருக்கிறது. நான் இன்னும் அந்தப் பழைய தட்டச்சு முறையிலேயே தமிழ் அடிக்கிறேன். என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ் அடிக்கும் சாஃப்ட்வேரில் அது அப்படியே இருக்கிறது. நீ தமிழ்99 என்ற கீபோர்டு முறைக்கு மாறிவிட்டாய். உயிரெழுத்து இடது கை, மெய் வலது கை என்று உனக்குப் பழகியிருக்கும், அதுவும் நல்லதுதான்.

சரி, பெட்டிக்கு வருகிறேன். சின்ன கம்ப்யூட்டர் ஒன்றும் புதுச் சங்கதி இல்லை. ஆப்பிள்காரர்கள் 2005 ஜனவரியிலேயே மேக் மினி என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள், கீபோர்டும் மவுசும் திரையும் இல்லாமல் வெறும் பெட்டியாக. இன்டெல் நிறுவனம் நக் என்ற பெயரில் உள்ளங்கை அளவுப் பெட்டிகளைப் பத்து வருஷம் செய்துவிட்டு 2023-ல் அதை ஆசஸ் கையில் ஒப்படைத்தது. நான் வாங்கியது அந்த வகை இல்லை. பெரிய கம்பெனி அலுவலகங்களில் மேசைக்கு ஒன்றாக இருக்கும் பெட்டிகள். லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்பி எலைட்டெஸ்க் மினி, மூன்றும் கிட்டத்தட்ட ஒரே அளவு, ஒரு லிட்டர் கொள்ளளவு. கம்பெனிகள் சில வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாக மாற்றும்போது இவை செகண்ட் ஹேண்ட் சந்தைக்கு வருகின்றன. என்னுடையது இந்த மூன்றில் ஒன்று, 14,500 ரூபாய் கொடுத்தேன்.

வாங்கும்போது பிராசசர், அதாவது கம்ப்யூட்டரின் மூளை, அதன் எண்ணைப் படித்துப் பார்த்து வாங்கு. என்னுடையது ஐ5-8500டி. முன்னால் நிற்கும் 8 எட்டாம் தலைமுறை என்பதைச் சொல்கிறது. கடைசி ‘டி’ என்றால் மின்சாரம் குறைவாக இழுக்கும் வகை, 35 வாட். ஆறு கோர். எட்டாம் தலைமுறைக்குக் கீழே இறங்காதே. விண்டோஸ் 10-க்குப் போன மாதம் 14-ம் தேதியோடு ஆதரவு முடிந்துவிட்டது. எட்டாவதுக்கு முந்தைய ஆறு, ஏழாம் தலைமுறைப் பெட்டிகள் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை, அதனால் இப்போது சல்லிசாகக் கிடைக்கும். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்கிறவர்களுக்கு அவை அருமையான பெட்டிகள். உனக்கு கோரல் ட்ரா என்ற டிசைன் சாஃப்ட்வேரும், பாமினி, வானவில் என்ற பழைய தமிழ் எழுத்துருக்களில் கிடக்கும் இருபது வருஷத்துக் கல்யாணப் பத்திரிகை ஃபைல்களும் இருக்கின்றன. உன்னால் விண்டோஸை விட்டு வர முடியாது. அதே காரணத்துக்காகத்தான் புது மேக் மினியையும் நான் உனக்குச் சொல்லவில்லை, எவ்வளவு நல்ல மெஷின் என்று தெரிந்தும்.

இரண்டு விஷயத்தில் நான் பட்டதை நீ படக் கூடாது. ஒன்று, அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் வைஃபை கார்டே இருக்காது, அங்கே கேபிளில் ஓடியவை. கேட்டு வாங்கு. இரண்டாவது சார்ஜர். இந்தப் பெட்டிக்கு உள்ளே பவர் சப்ளை கிடையாது, லேப்டாப் போல வெளியே ஒரு அடாப்டர். 65 வாட் வர வேண்டியதற்கு எனக்கு 45 வாட் அனுப்பிவிட்டார்கள். கூலிக் கணக்கு மட்டும் போடும்போது ஒன்றும் தெரியவில்லை. மகள் ஓசூரிலிருந்து வீடியோ காலில் வந்து, பக்கத்தில் நாலு ஃபைல் திறந்திருந்தால் பட்டென்று அணைந்துவிடும். பெட்டிதான் கெட்டது என்று ஒரு வாரம் தூக்கமில்லை. அடாப்டரைத் திருப்பி அதன் அடியில் இருக்கும் பொடி எழுத்தைப் படித்ததும்தான் விளங்கியது. மாற்றித் தர அவர்கள் மாதக் கணக்கில் இழுத்தடித்தார்கள், நானே ஒன்று வாங்கிவிட்டேன். அதற்குப் பிறகு ஒருமுறைகூட அணையவில்லை.

திறந்து பார்க்கும் விஷயத்தை உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. பின்னால் ஒரே ஒரு திருகு. அதைக் கழற்றி மேல்மூடியை முன்பக்கமாகத் தள்ளினால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். உள்ளே எல்லாம் அடுக்கிய டிபன் கேரியர் மாதிரி. ஃபேன் இறக்கைகளின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் தூசி பஞ்சு போலப் படிந்திருந்தது. கோலப்பொடி தள்ளும் சின்ன பிரஷால் எடுத்தேன், ஃபேன் சுழலாமல் ஒரு விரலால் பிடித்துக்கொண்டு. பிராசசர் மேல் இருந்த, சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து, வெற்றிலைப் பெட்டியில் வறண்டுபோன சுண்ணாம்பு மாதிரி உதிர்ந்தது. துடைத்துவிட்டுப் புதிதாக ஒரு பட்டாணி அளவு வைத்தேன். ரேம் அடிப்பக்கத்து மூடிக்குக் கீழே இருக்கிறது, லேப்டாப்பில் போடும் அதே சின்ன ரேம்தான். எட்டு ஜிபி இருந்ததை 16 ஆக்கினேன். இரண்டு பக்கமும் இருக்கும் கொக்கிகளை விலக்கினால் ரேம் தானாக மேலே எழுந்து நிற்கிறது, புதியதைச் சாய்வாகச் செருகி அழுத்தினால் ‘டக்’ என்று உட்கார்ந்துவிடும். அந்தச் சத்தம் கேட்டபோது எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்ல? ஐம்பத்தெட்டு வயதில் என் கையால் ஒரு கம்ப்யூட்டரைத் திறந்து மூடியிருக்கிறேன். ஃபேன் சத்தம் இப்போது மழையில்லாத ராத்திரியில்கூடக் காதில் விழுவதில்லை.

கரண்டு பில்லைப் பற்றி என் வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார், அதனால் கணக்குப் போட்டேன். கூலிக் கணக்கு, பிரவுசர் என்று சாதாரண வேலையில் பெட்டி 15 வாட், மானிட்டர் 25 வாட் என்று வைத்துக்கொள். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரம் ஓடினால் 400 வாட்-மணி, அதாவது 0.4 யூனிட். இரண்டு மாதத்துக்கு 24 யூனிட். உன் பழைய பெரிய சிபியு தனியாகவே 100 வாட் இழுத்தால் அதே கணக்கில் 60 யூனிட், மானிட்டர் வேறு. இந்த வித்தியாசம் பில்லில் தெரியும்.

இதன் பெரிய பலவீனம் கரண்டுதான். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது, இதில் இல்லை. கரண்டு போன நொடியில் இதுவும் போய்விடும். இங்கே காற்றடித்து சில்வர் ஓக் கிளை ஒன்று கம்பியில் விழுந்தால் போதும், ஊரே இருண்டுவிடும். அதனால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று கட்டாயம் வாங்கு, பெட்டியோடு சேர்த்து அதே நாளில். என் யுபிஎஸ் பெட்டியையும் மானிட்டரையும் அரை மணி நேரத்துக்கு மேல் தாங்குகிறது. இழுப்பது குறைவு என்பதால்தான் அவ்வளவு நேரம். சித்திரை, வைகாசியில் இடி இறங்கும் நாட்களில் நான் பிளக்கையே பிடுங்கிவிடுவேன், நெட் கேபிளையும் சேர்த்து.

கேமராவும் மைக்கும் தனியாக வாங்க வேண்டும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள். வீடியோ எடிட்டிங்குக்கு இது ஆகாது, உள்ளே பெரிய கிராஃபிக்ஸ் கார்டு போட இடம் இல்லை. பத்திரிகை, நோட்டீஸ், விசிட்டிங் கார்டுக்கு தாராளம். கல்யாண வீட்டுக்கு எடுத்துப்போய் டிசைன் காட்ட முடியாதே என்று நீ கேட்பாய். பிடிஎஃப் ஆக்கி போனில் அனுப்பிவிடு, அவர்கள் எப்படியும் அதை வாட்ஸ்அப்பில்தான் பத்துப் பேருக்கு அனுப்பிக் கருத்துக் கேட்பார்கள்.

இன்னொன்றும் நடந்தது, நான் எதிர்பார்க்காதது. கம்ப்யூட்டர் ஒரு மேசைக்கு வந்து உட்கார்ந்ததும் வேலையும் அந்த மேசையோடு நின்றுவிட்டது. முன்பெல்லாம் சாப்பிடும்போதுகூட லேப்டாப் திறந்திருக்கும். இப்போது ஆறு மணிக்கு அணைத்து, தையல் மிஷினுக்குப் போடுகிற மாதிரி ஒரு துணியைப் போட்டுவிட்டு எழுந்து வருகிறேன். அவரும் நானும் வராந்தாவில் காபி குடிக்கிறோம். தோட்டத்தில் பழம் பிரிக்கும் சத்தம் கேட்கிறது.

அந்த அம்மா நேற்று சம்பளம் வாங்க வந்தார். உள்ளே கூப்பிட்டு, திரையில் அவர் பெயருக்கு நேரே விரலை வைத்து ஒன்றாம் தேதியிலிருந்து காட்டினேன். எண் மட்டும் படிக்கத் தெரியும் அவருக்கு. ஒவ்வொரு கட்டமாக வாய்க்குள் எண்ணிக்கொண்டே போய், கடைசியில் மொத்தத்தைச் சத்தமாகச் சொன்னார். சரியாக இருந்தது.

கார்த்திகை தீபம் முடிந்ததும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேலம் வருகிறேன். செவ்வாய்ப்பேட்டையில் உன் கடையிலேயே உட்கார்ந்து பெட்டியைத் திறந்து, ரேம் போட்டு, உன் எழுத்துருக்களையெல்லாம் ஏற்றிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்புவேன். சாயங்காலம் தட்டுவடை செட் உன் கணக்கு. அதற்கு முன்னால் நீ செய்ய வேண்டியது ஒன்று. ஜன்னல் பக்கத்து மேசையின் அகலத்தையும், அது தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் டேப் வைத்து அளந்து எழுது. பிளக் பாயிண்ட் எந்தப் பக்கம் என்பதையும் குறித்துவிடு.

அம்மாவுக்கு என் நமஸ்காரம் சொல்.

உன் பழைய
பக்கத்து மெஷின்காரி