கார் ஸ்கேனரில் வரும் பழுது கோடு (code) நம்பரை பில்லில் எழுதிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த தொல்லை இது. டேஷ்போர்டில் திடீரென்று ஒரு விளக்கு எரியும், பத்து கிலோமீட்டர் போனதும் தானாக அணைந்துவிடும், ஒர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் நிறுத்தினால் ஒன்றுமே தெரியாது.

என்னுடையது 2013 மாடல் பெட்ரோல் கார். போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி, ஹெட்லைட், வைப்பர், ஏசி மூன்றும் ஓட, தென்காசியிலிருந்து திருநெல்வேலி போகிற வழியில் ஆலங்குளம் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பேட்டரி விளக்கும் ஏபிஎஸ் விளக்கும் (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பின் விளக்கு) சேர்ந்து எரிந்தன. காலையில் இரண்டும் இல்லை. ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனர் மாட்டி, காரின் கம்ப்யூட்டரில் பதிவாகியிருந்த கோடு நம்பரை, அதாவது என்ன பழுது என்று காட்டும் குறியீட்டை, அழித்துவிட்டு, "ஆல்டர்னேட்டர் போச்சு சார், மாத்திடலாம்" என்று 14,000 ரூபாய் சொன்னார்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் கருவி அது. என்ன கோடு என்று கேட்டேன். அழித்தாகிவிட்டது, இனி பார்க்க முடியாது என்றார்கள்.

மனசு ஒப்பவில்லை. தெரிந்த ஒரு எலக்ட்ரீஷியனிடம் போனேன். அவர் முதலில் கேட்டதே, எப்போது எரிந்தது, அப்போது என்னவெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது என்றுதான். சம்பந்தமில்லாத இரண்டு விளக்கு ஒன்றாக எரிந்தால் முதலில் பேட்டரி முனையையும் எர்த்தையும் (பேட்டரி மைனஸிலிருந்து காரின் உடம்புக்கும் இன்ஜினுக்கும் போகும் ஒயர்) பாருங்கள் என்றார். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 14.1 வோல்ட், ஆல்டர்னேட்டரில் குறையில்லை. அப்புறம் ஹெட்லைட்டும் ஏசியும் போட்டுவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் இன்னொன்றை இன்ஜின் மேலும் வைத்தார். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டியது 1.3 காட்டியது, ஒயரைக் கையால் அசைத்தால் ஏறி இறங்கியது. பேட்டரி தட்டுக்கு அடியில் எர்த் ஒயரின் போல்ட் துருப்பிடித்து, ஒயர் முனையில் இருக்கும் உலோக வளையத்தை (லக்) சுற்றிப் பச்சையாகப் பூத்துக் கிடந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, இறுக்கி, கிரீஸ் தடவினார். 200 ரூபாய். அதற்குப் பிறகு அந்த விளக்குகள் வரவே இல்லை.

எல்லா விளக்கையும் இப்படி நிதானமாகப் பார்க்கலாம் என்று சொல்லவில்லை. சிவப்பு ஆயில் விளக்கு ஒரு முறை மினுக்கினாலும் ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். வளைவில் திரும்பும்போது மட்டும் பிரேக் விளக்கு வந்து போனால் பெரும்பாலும் பிரேக் ஆயில் குறைந்திருக்கும், ஆயில் ஊற்றி விட்டுவிடாமல் பேட் தேய்ந்திருக்கிறதா, எங்காவது கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

நான் கேட்பது ஒன்றுதான். விட்டு விட்டு வரும் பழுதுக்குக் கிடைக்கிற பெரிய துப்பு அந்த கோடும், அது பதிவான நேரத்தில் இன்ஜின் இருந்த நிலையும்தான். கோடு விழுந்தால் பல கார்களில் வேகம், இன்ஜின் சூடு எல்லாம் அதோடு பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். ரத்தப் பரிசோதனை முடிவை நோயாளி கையில் கொடுக்கிறார்கள் இல்லையா, அதுபோல ஸ்கேன் செய்ததும் கோடு நம்பரை பில்லில் எழுதிக் கொடுத்துவிட்டு அப்புறம் அழிக்கட்டும். எழுத ஒரு நிமிடம்கூட ஆகாது. வாசகர்களும் வண்டியை விடும்போதே இதைக் கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் அழிப்பதற்கு முன் ஸ்கேனர் திரையை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தென்காசி