ஓட்டுச் சீட்டில் போருக்குத் தனிக் கட்டம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிடிக்காத போரை நடத்திய தலைவர்களை மக்கள் ஏன் மறுபடியும் ஜெயிக்க வைக்கிறார்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். 2003-இல் ஈராக் போரை எதிர்த்து லண்டன் தெருக்களில் நடந்தவர்களில் பலர் 2005-இல், நாட்டைப் போருக்குக் கொண்டுபோன பிரதமர் பிளேருக்கே ஓட்டுப் போட்டார்கள், ஆகவே அவர்கள் வேஷதாரிகள் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். எனக்கு இதில் பாதிதான் சம்மதம்.

நான் மொரீஷியஸில், போர்ட் லூயிஸை ஒட்டிய சான்த் க்ருவாவில் இருக்கிறேன். கைலாசன் கோவில் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். இந்த ஊரில் உட்கார்ந்து பார்த்தால் அந்தப் போர் கொஞ்சம் வேறு மாதிரி தெரியும். அதை அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அந்த வாக்காளர்களுக்காக இரண்டு வார்த்தை. பிளேர் 2005-இல் ஜெயித்தார் என்பது உண்மை. ஆனால் 35 சதவீத ஓட்டில் ஜெயித்தார். 160 இடங்களுக்கு மேல் இருந்த பெரும்பான்மை 66-க்கு இறங்கியது. கோபம் இல்லாமலா இறங்கியது? சரி, முழுசாக ஏன் கவிழ்க்கவில்லை என்று கேட்டால், கவிழ்த்துவிட்டு யாரிடம் போவது? 2003 மார்ச் 18 அன்று நாடாளுமன்றத்தில் பிளேரின் தொழிற்கட்சிக்காரர்களே 139 பேர் போரை எதிர்த்து நின்றார்கள். எதிர்க்கட்சியான கன்சர்வேட்டிவ் கட்சியோ பெரும்பாலும் பிளேரோடு சேர்ந்து கைதூக்கியது. அமெரிக்காவில் 2004-இல் புஷ்ஷை எதிர்த்து நின்ற கெர்ரியும் 2002 அக்டோபரில் செனட்டில் போருக்கு அனுமதி தந்து ஓட்டளித்தவர்தான். கடையில் இருந்ததே இரண்டு பெரிய மூட்டை, இரண்டிலும் அதே வண்டு. பிரிட்டனின் பெரிய கட்சிகளில் லிபரல் டெமாக்ரட் கட்சி மட்டும் போர் வேண்டாம் என்றது. அதற்கு 62 இடம் கிடைத்தது. ஆஸ்திரேலியாவில், போருக்குப் படை அனுப்பிய பிரதமர் ஹோவர்ட் வீட்டுக்கடன் வட்டியைப் பற்றியே பேசி முன்பைவிட அதிக இடங்களோடு வந்தார்.

ஸ்பெயினைக் கட்டுரையாளர் நேர்மையான வாக்காளருக்கு உதாரணமாகக் காட்டியதுதான் எனக்கு ஒட்டவில்லை. அங்கே ஜனங்களில் மிகப் பெரும்பாலானவர்களுக்குப் போர் பிடிக்கவில்லை. அப்படியும் 2004 மார்ச்சில் தேர்தலுக்குச் சில நாள் முன்புவரை கருத்துக்கணிப்புகளில் போருக்குத் துணைநின்ற ஆளுங்கட்சிதான் முன்னால் இருந்தது. மார்ச் 11 அன்று மாட்ரிட் ரயில்களில் குண்டு வெடித்து 190-க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அரசு உடனே பாஸ்க் பிரிவினைத் தீவிரவாதிகளைக் கைகாட்டியது, அது தப்பென்று தெரிந்தது. மூன்று நாள் கழித்து ஆட்சி போயிற்று. போர் தப்பு என்பதற்காக மட்டும் ஓட்டு மாறியிருந்தால் அது மார்ச் 10-ஆம் தேதியே தெரிந்திருக்கும்.

இனி சம்மதமான பாதிக்கு வருகிறேன். எனக்குக் கோபம் பஸ்ஸுக்காகவோ ஆஸ்பத்திரிக்காகவோ வட்டிக்காகவோ ஓட்டுப் போட்டவர்கள் மேல் இல்லை. போட்டுவிட்டு, "போருக்கும் எனக்கும் சம்பந்தமில்லை" என்று கையைத் துடைத்துக்கொள்கிறார்களே, அவர்கள் மேல். ஆளை அனுப்பினால் முழு ஆளும்தான் போவான். நமக்குப் பிடித்த பாதியை மட்டும் நாற்காலியில் உட்கார வைக்க முடியாது.

இதை நான் யாருக்கோ புத்தி சொல்வதற்காக எழுதவில்லை. எங்கள் கதையைக் கேளுங்கள்.

பாக்தாத் மேல் குண்டு போட்ட பெரிய விமானங்களில் பல தியாகோ கார்சியாவிலிருந்து கிளம்பியவை. இந்தியப் பெருங்கடலில் சாகோஸ் தீவுக்கூட்டத்தில் அது ஒன்று, இப்போது அமெரிக்க ராணுவத் தளம். 1965-இல், எங்களுக்குச் சுதந்திரம் தருவதற்கு முன்பே, பிரிட்டன் அதை மொரீஷியஸிலிருந்து வெட்டி எடுத்தது. கைம்மாறாக முப்பது லட்சம் பவுண்டு. கழுத்தில் கத்தி வைத்து வாங்கிய சம்மதம் என்பார்கள், அதுவும் பொய்யில்லை. ஆனாலும் தலையாட்டிய எங்கள் தலைவர்களைத்தான் 1967 தேர்தலில் ஜெயிக்க வைத்தோம். பிறகு தளத்துக்கு இடம் வேண்டும் என்று, 1968-லிருந்து 1973-க்குள் தீவு ஜனங்கள் ஆயிரத்தைந்நூறு பேருக்கு மேல் கப்பலேற்றப்பட்டார்கள். அவர்கள் வளர்த்த நாய்களைக் கொப்பரை உலர்த்தும் கொட்டகையில் அடைத்துப் புகைவிட்டுக் கொன்றார்கள்.

2000-இல் லண்டன் உயர்நீதிமன்றம், தீவு ஜனங்கள் திரும்பிப் போகலாம் என்றது. அப்போது வெளியுறவு அமைச்சர் ராபின் குக், தீர்ப்பை ஏற்றுக்கொண்டார். ஈராக் போருக்காகப் பிளேரின் அமைச்சரவையிலிருந்து விலகினாரே, அதே குக்தான். அவர் போனபிறகு 2004 ஜூன் 10 அன்று, நாடாளுமன்றத்தில் ஒரு விவாதம்கூட இல்லாமல், ராணியின் ஆணைகளால் அந்த உரிமையை மறுபடி பறித்தார்கள். அன்றைக்கு பிரிட்டனில் உள்ளாட்சிக்கும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் தேர்தல் நாள். பத்திரிகைக்காரர்களுக்கு வேறு வேலை. ஈராக்குக்காக லட்சக்கணக்கில் ஜனம் நடந்தது. அந்த விமானங்கள் கிளம்பிய ஓடுபாதைக்கு அடியில் யார் வீடு இருந்தது என்று கேட்டு 2005 தேர்தலில் ஒருவரும் ஓட்டை மாற்றியதாக நான் கேள்விப்படவில்லை.

அவர்களை விடுங்கள், நாங்கள் என்ன செய்தோம்? 2002 கடைசியில், ஈராக் தீர்மானத்தில் அமெரிக்காவுக்குத் தெளிவாக ஆதரவு சொல்லவில்லை என்று எங்கள் அரசு தன் ஐ.நா. தூதரையே திரும்ப அழைத்தது. காரணம் ஊருக்கே தெரியும். எங்கள் ஃபேக்டரிகளில் தைத்த சட்டை வரியில்லாமல் அமெரிக்கா போக ஒரு சட்டம் இருந்தது. அமெரிக்க வெளியுறவு நலனுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்பது அதில் ஒரு நிபந்தனை. என் தங்கை அப்படி ஒரு ஃபேக்டரியில் சட்டைக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தாள். தூதரை அழைத்தது சரியா என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

நாங்கள் வாய் செத்தவர்களும் இல்லை. 1998-இல் மொரீஷியஸின் புது ரூபாய் நோட்டில் தமிழுக்கு மேலே இந்தியை ஏற்றியபோது நாங்கள் போட்ட சத்தத்தில் அந்த நோட்டுகளையே திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நம் எழுத்து ஒரு வரி கீழே இறங்கினால் தெருவுக்கு வரத் தெரிந்த நாங்கள், ஒரு தீவு போனதற்கு எத்தனை நாள் வந்தோம்? (தமிழ்ச் சங்கத்து நண்பர்கள் கோபிக்க வேண்டாம். அந்தச் சத்தத்தில் என் குரலும் உண்டு.)

2005 ஜூலையில் எங்களுக்கும் தேர்தல் வந்தது. இங்கே ஒரு தொகுதிக்கு மூன்று பேர், ஆளுக்கு மூன்று குறி. ஈராக்கோ சாகோஸோ எந்தக் குறிக்கும் காரணமாக இருக்கவில்லை. மூன்றையும் நான் பஸ்ஸுக்காகப் போட்டேன். வயதானவர்களுக்கும் மாணவர்களுக்கும் பஸ் இலவசம் என்றார்கள். அதே வருஷம் அது வந்தும்விட்டது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிற நாளில் அது பெரிய விஷயம்.

அப்படி ஒரு நாள் பஸ்ஸில் எங்கள் பக்கத்து வீட்டு அம்மாள் ஏறினார். தியாகோ கார்சியாவில் பிறந்தவர். 1971-இல் அங்கிருந்து பெரோஸ் பான்யோஸ் தீவுக்கு விரட்டி, அப்புறம் அங்கிருந்தும் இங்கே கொண்டுவந்து இறக்கிய கூட்டத்தில் ஒருவர். தெருவில் எல்லோருக்கும் அவர் 'தாந்தின்'தான், அத்தை என்கிற மாதிரி. எனக்கு உள்ளே ஏதோ குறுகுறுத்தது. "தாந்தின், தேர்தலில் உங்கள் தீவைப் பற்றி யாருமே பேசவில்லையே, நீங்கள் யாருக்குப் போட்டீர்கள்?" என்று கிரியோலில் கேட்டேன். சிரித்தார். முழங்காலைத் தட்டிக் காட்டி, "இதற்குத்தான் போட்டேன், உன் அம்மா மாதிரியே" என்றார். வேஷதாரி என்ற சொல்லை இவர் மேல் எப்படி ஒட்டுவது என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

தீவு கிடைத்தாலும் ஓட்டு வருவதில்லை என்பதையும் பார்த்துவிட்டோம். 2024 அக்டோபர் 3 அன்று சாகோஸைத் திருப்பித் தர பிரிட்டன் சம்மதித்தது என்ற அறிவிப்பு வந்தது. மறுநாளே பிரதமர் நாடாளுமன்றத்தைக் கலைத்தார். நவம்பர் 10 தேர்தலில் எதிரணிக்கு அறுபது இடம். அவர் தன் தொகுதியையே இழந்தார். விலைவாசியும், கசிந்த தொலைபேசிப் பேச்சுகளும்தான் அன்றைக்கு ஊர் வாயில் இருந்தன.

2025 மே 22 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானதைத் தாந்தின் வீட்டு டிவியில் சேர்ந்து பார்த்தோம். மற்றத் தீவுகளில் ஜனங்களைக் குடியேற்றலாம். தியாகோ கார்சியா மட்டும் 99 வருஷம் தளமாகவே இருக்கும் என்றது ஒப்பந்தம். எண்பதைத் தாண்டிய அவர் விரல்விட்டு எண்ணுகிற மாதிரி பாவனை செய்துவிட்டு, அடுப்பில் இருந்த தேங்காய்ப்பால் குழம்பைக் கிளற எழுந்து போனார்.

கட்டுரையாளருக்கு ஒரே வேண்டுகோள். இதே விஷயத்தை அடுத்த முறை எழுதும்போது, அந்த விமானங்கள் எங்கிருந்து கிளம்பின என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளட்டும்.

அன்புடன்,
பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
சான்த் க்ருவா, மொரீஷியஸ்.