நாஹுல் என்றால் நான்கு நாள்

காஞ்சிபுரம்
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நேரத்துக்குச் சாப்பிடுகிறாய் அல்லவா? குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே. அம்மாவின் மூட்டுவலி பரவாயில்லை.

நான் கொரிய எண் படிக்கிறேன். ஸ்ரீபெரும்புதூரில் கொரியக் கம்பெனிக்குப் போகும் மாடி வீட்டுத் தம்பி சொல்லித் தருகிறான். சங்கத்தில் 31 வருடம் கணக்கு எழுதியவனுக்கு இது என்ன பெரிது என்று நினைத்தேன். பார்த்தால் எண் இரண்டு வரிசையாக இருக்கிறது. ஹானா, தூல், செத் என்பது அவர்களின் சொந்த எண். இல், இ, சாம் என்பது சீனத்திலிருந்து வந்தது. மணிக்குச் சொந்த எண், நிமிடத்துக்குச் சீன எண். இங்கே இரவு எட்டு அடித்தால் கொரியாவில், சுவோனில் உனக்குப் பதினொன்றரை. "யோல்ஹன் ஷி, சாம்ஷிப் புன்" என்று சொல்லிப் பார்த்தபடி ஞாயிறுதோறும் போன் பக்கத்தில் உட்காருகிறேன். மூன்று ஞாயிறு போய்விட்டது. வேலை இருக்கும்தான். ஒரு நிமிடம்கூடவா கிடைக்கவில்லை?

ஆறே மாதத்தில் படித்துக்கொண்டு சந்தையில் முள்ளங்கிக்கு விலை பேசியவள் நீ. அம்மா அதைத் தெரு முழுக்கச் சொன்னாள். 2023 ஜூனில் அங்கே, பிறந்ததுமே ஒரு வயது என்று எண்ணும் கணக்கை மாற்றியபோது, "எனக்கும் ஒரு வயது குறைந்துவிட்டது அப்பா" என்று சிரித்தாய். பின்னால் மாப்பிள்ளையும் சிரித்தார். தீபாவளிக்குப் பிறகு போனில் பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

நேற்று ஆள் எண்ணும் பாடம். ஆளைச் சொல்லும்போது தூல் சுருங்கித் து ஆகிவிடும். ஒருவர் ஹன் மியோங், இருவர் து மியோங். "உங்கள் மகள் வீட்டில் எத்தனை பேர், ஐயா?" என்று தம்பி பயிற்சிக்குக் கேட்டான். எனக்கு வாய் வரவில்லை. மறந்துவிட்டது என்று சொல்லிவிட்டேன்.

பணம் வேண்டுமானால் சொல். அங்கே லட்சம் கிடையாதாம், பத்தாயிரம் பத்தாயிரமாகத்தான் எண்ணுவார்களாம். எந்தக் கணக்கில் சொன்னாலும் அனுப்புகிறேன். நேரத்துக்குச் சாப்பிடு.

நாள் எண்ணவும் தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் ஹாரு, இரண்டு இத்துல், மூன்று சாஹுல், நான்கு நாஹுல். நாஹுல் என்று எழுதியதும் நோட்டை மூடிவிட்டேன். கல்யாணமான முதல் வருடம் சென்னையிலிருந்து ஒற்றைப் பையோடு வந்தாயே, நான்காம் நாள் நானே உன்னை பஸ் ஏற்றிவிட்டேன். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. அக்கம்பக்கத்தார் கேட்பதற்குள் நீ போய்விட வேண்டும் என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். பஸ் கிளம்பும்போது ஜன்னலோரம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். அம்மாவிடம், சிரித்துக்கொண்டே போனாள் என்று பொய் சொன்னேன். இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

உன் அறையில் பரணில் கிடந்ததையெல்லாம் எடுத்துவிட்டேன். மெத்தை வெயிலில் காய்ந்திருக்கிறது. எப்போது வந்தாலும், எத்தனை நாள் என்று கேட்க மாட்டேன்.

காதை மூடிக்கொள்.

அப்பா